தேதிக்கு ஒரு டைப், நேரத்துக்கு வேறு டைப்

ஓப்பன்ஏபிஐ ஸ்பெக் ஒன்றை ஜெனரேட்டரிடம் கொடுத்தால் சில நொடிகளில் கிளையன்ட் நிரல் தயாராகிவிடும். பெயர், தொகை போன்ற புலங்களில் பெரிய சிக்கல் வராது. தேதியும் நேரமும் வரும் இடத்தில்தான் ஜெனரேட்டர் நம்மைக் கேட்காமலே ஒரு முடிவு எடுக்கிறது. அந்த முடிவு நம் தரவுக்குப் பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பது, பொருந்தாவிட்டால் எங்கே மாற்றுவது என்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் அடிப்படை. ஜேசானில் தேதி என்று தனி வகையே கிடையாது. எல்லாம் வெறும் ஸ்ட்ரிங். ஸ்பெக்கில் அந்த ஸ்ட்ரிங்குக்குப் பக்கத்தில் 'ஃபார்மேட்' என்று ஒரு குறிப்பு இருக்கும்: 'டேட்' அல்லது 'டேட்-டைம்'. இரண்டுக்கும் இலக்கணம் 2002-ல் வெளியான ஆர்எஃப்சி 3339. 'டேட்' என்றால் 2024-05-10 மாதிரி ஒரு நாட்காட்டித் தேதி, அவ்வளவுதான். அதில் மணியும் இல்லை, ஊரும் இல்லை. 'டேட்-டைம்' என்றால் தேதி, மணி, கூடவே +05:30 மாதிரி ஒரு ஆஃப்செட்டும் கட்டாயம் இருக்கணும். ஆஃப்செட் இருப்பதால் அது உலகம் முழுக்க ஒரே கணத்தைக் குறிக்கும்.

பிறந்த தேதி முதல் வகை. பணம் கட்டிய நேரம் இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே டைப்பில் போட்டால் என்ன ஆகும்?

ஜாவாஸ்கிரிப்டின் 'டேட்' என்ற டைப்பை எடுத்துக்கொள்வோம். பெயர்தான் தேதி. உள்ளே இருப்பது 1970 ஜனவரி 1 யுடிசி நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிவினாடிகளின் எண்ணிக்கை. அதாவது அது ஒரு கணம். ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டரின் 'டைப்ஸ்கிரிப்ட்-ஃபெட்ச்' வகை, இரண்டு ஃபார்மேட்டுக்கும் இயல்பாக இதே டைப்பைத்தான் தருகிறது. தேதியைச் சர்வருக்கு அனுப்பும்போது அதை யுடிசி நேரத்துக்கு மாற்றி, முதல் 10 எழுத்துகளை வெட்டி எடுக்கிறது.

இப்போது சென்னையில் ஒருவர் குழந்தையின் பிறந்த தேதியாக 2024 மே 10-ஐத் தேர்வு செய்கிறார். பெரும்பாலான தேதித் தேர்விகள் உள்ளூர் நள்ளிரவைத் தரும். இந்திய நேரம் மே 10 நள்ளிரவு 0 மணி என்பது யுடிசியில் மே 9, 18:30. முதல் 10 எழுத்தை வெட்டினால் 2024-05-09. குழந்தை ஒரு நாள் முன்னாடியே பிறந்துவிட்டது! பள்ளிச் சேர்க்கை, காப்பீடு மாதிரி வயது வரம்பு உள்ள இடங்களில் இந்த ஒரு நாள் சின்ன விஷயம் இல்லை.

நியூயார்க்கில் கதை தலைகீழ். அங்கே அனுப்பும் தேதி சரியாகப் போகும், படிக்கும் தேதி தப்பாகத் தெரியும். சர்வர் தரும் 2024-05-10 யுடிசி நள்ளிரவாகப் படிக்கப்பட்டு, திரையில் மே 9 இரவு 8 மணியாக நிற்கும். நமக்கோ அதே மதிப்பு மே 10 காலை 5:30, அதனால் சரியாகவே தெரியும். யுடிசியில் ஓடும் சோதனை இயந்திரத்தில் இரண்டு பக்கமும் சரி. அதனால்தான் இந்தப் பிழை எல்லாச் சோதனைகளையும் தாண்டி வெளியே வந்துவிடுகிறது.

இதைச் சரிசெய்ய உருவான நிரலைத் திறந்து கையால் திருத்தினால் அடுத்த முறை ஜெனரேட்டர் ஓடும்போது போய்விடும். மாற்ற வேண்டிய இடம் கட்டமைப்பு. அதில் 'டைப் மேப்பிங்' என்றும் 'இம்போர்ட் மேப்பிங்' என்றும் இரண்டு வசதிகள் உண்டு. இந்த வகைக்குப் பதிலா இந்த டைப், அந்த டைப்பை இங்கேயிருந்து எடுத்துக்கோ என்று சொல்வதுதான் வேலை. 'டேட்'டை ஸ்ட்ரிங்காகவே விட்டுவிடுவது எளிய தீர்வு. 2024-05-10 என்று வந்தது அப்படியே திரும்பிப் போகும்.

ஜாவாவில் நிலைமை கொஞ்சம் மேல். இயல்பாகவே 'டேட்'டுக்கு 'லோக்கல்டேட்', 'டேட்-டைம்'முக்கு 'ஆஃப்செட்டேட்டைம்'. கணம் மட்டும் போதும் என்றால் இரண்டாவதை 'இன்ஸ்டன்ட்' ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் ஆஃப்செட் தொந்தரவாக இருக்கிறதே என்று 'லோக்கல்டேட்டைம்' பக்கம் போகும்போது யோசிக்கணும். அதில் ஆஃப்செட்டே கிடையாது, எந்த ஊர் 9 மணி என்ற தகவல் அங்கேயே தொலைந்துவிடும்.

டைப்பை மாற்றினால் மட்டும் வேலை முடியாது. ஸ்ட்ரிங்கை டைப்பாக மாற்றும் பகுதியையும் பார்க்கணும். ஜாக்சன் நூலகம், 'ஆஃப்செட்டேட்டைம்' படிக்கும்போது இயல்பாக யுடிசிக்கு மாற்றிவிடும். கணம் மாறாது, ஆனால் அனுப்பியவரின் +05:30 மறைந்துவிடும். அது தேவையென்றால் அந்த அமைப்பை அணைக்க வேண்டும்.

சில சர்வர்கள் ஸ்பெக்கில் 'டேட்-டைம்' என்று சொல்லிவிட்டு ஆஃப்செட் இல்லாமல் அனுப்பும். 'ஆஃப்செட்டேட்டைம்' அதைப் படிக்க மறுத்துப் பிழை எறியும். அந்த ஒரு புலத்துக்காக எல்லாப் புலங்களின் டைப்பையும் மாற்றுவது சரியில்லை என்பது என் கருத்து. முடிந்தால் ஸ்பெக்கைத் திருத்துங்கள். முடியாவிட்டால் அந்தப் புலத்துக்கு மட்டும் தனி டைப் கொடுங்கள். கோ மொழிக்கான 'ஓஏபிஐ-கோட்ஜென்' கருவியில், ஸ்பெக்கிலேயே புலத்துக்குப் பக்கத்தில் 'எக்ஸ்-கோ-டைப்' என்று எழுதி இதைச் செய்யலாம்.

இரண்டு ஃபார்மேட்டிலும் அடங்காத மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: வரப்போகும் நாளின் உள்ளூர் நேரம். இலங்கை 2006 ஏப்ரலில் தன் நேரத்தை +06:00-லிருந்து +05:30-க்கு மாற்றியது. அதற்கு முந்தைய மாதமே, மே மாதத்துக் காலை 9 மணி மருத்துவர் சந்திப்பை +06:00 போட்டுக் கணமாகச் சேமித்திருந்தால், மாற்றத்துக்குப் பிறகு அது காலை 8:30 என்று காட்டும். கொழும்பில் மருத்துவர் வருவது என்னவோ கடிகாரம் 9 காட்டும்போதுதான். இந்த மாதிரிப் புலங்களுக்கு உள்ளூர் தேதி-நேரம் ஒரு புலம், 'ஏசியா/கொழும்பு' மாதிரி நேர மண்டலப் பெயர் இன்னொரு புலம் என்று பிரித்து வைப்பதே பாதுகாப்பு.

ஆகவே மேப்பிங் எழுதும் முன் ஒவ்வொரு புலத்தையும் கேளுங்கள்: நீ நாளா, கணமா, சுவர்க் கடிகாரம் காட்டும் நேரமா? பதில் கிடைத்தால் டைப் தானாகத் தெரிந்துவிடும். பிறகு இயந்திரத்தின் நேர மண்டலத்தை ஒருமுறை கொல்கத்தா என்றும் ஒருமுறை நியூயார்க் என்றும் வைத்துச் சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். ஒரு தேதியை அனுப்பித் திரும்ப வாங்கும்போது இரண்டு ஊரிலும் அதே தேதி திரையில் வந்தால் மேப்பிங் சரி.