உங்களுக்குத் தெரியுமா? ஒரே ஊர், கிட்டத்தட்ட 106 டிகிரி வித்தியாசம்!

சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் என்ற சிற்றூரில் 1892 பிப்ரவரியில் பதிவான குளிர், மைனஸ் 67.8 டிகிரி செல்சியஸ். அதே ஊரில் 2020 ஜூன் 20 அன்று அடித்த வெயில், 38 டிகிரி! வெயில் பிடிக்குமா, குளிர் பிடிக்குமா என்று நாம் பேசிக்கொள்கிறோம். அந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டுமே உண்டு.

• அந்த 38 டிகிரிதான் ஆர்க்டிக் பகுதியின் உச்ச வெப்பம் என்று 2021 டிசம்பரில் உலக வானிலை அமைப்பு அங்கீகரித்தது.

• மைனஸ் 39 டிகிரியை நெருங்கும்போதே பாதரசம் உறைந்து கெட்டியாகிவிடும். அதற்கும் கீழே போகும் குளிரை அளக்க ஆல்கஹால் நிரப்பிய வெப்பமானி வேண்டும்.

• இந்த ஊரில் ஏன் இவ்வளவு குளிரும் வெயிலும்? கடலின் இதமான காற்று எட்டாத யானா ஆற்றுப் பள்ளத்தாக்கு அது. குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று பள்ளத்தில் இறங்கி, நகராமல் தேங்கிவிடும். கோடையிலோ பல வாரங்களுக்குச் சூரியன் மறைவதே இல்லை.

• நம் உடம்பு குளிரைவிட வெயிலுக்குத்தான் நன்றாகப் பழகுகிறது. வெப்பமான இடத்தில் சுமார் இரண்டு வாரம் உழைத்தாலே வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்கும். அதில் உப்பும் குறையும். குளிருக்கு உடம்பு அந்த அளவு மாறுவதில்லை. அங்கே கைகொடுப்பவை கம்பளியும் அடுப்பும் கனமான சுவர்களும்தான்.