பனியில் குதிரைப் பயணம்: குளிரைவிட ஆபத்தானது மூடிய ஜன்னல்!

வெளியே மைனஸ் 10 டிகிரி செல்சியஸ். பிக்-அப் டிரக்கின் பின்னால் பூட்டிய ட்ரெய்லரில் இரண்டு குதிரைகள். ஓட்டுபவருக்கு ஹீட்டர் இருக்கிறது; குதிரைகளுக்கு? ‘பாவம் குளிருமே, ஜன்னலை எல்லாம் மூடிடலாம்’ என்றுதான் யாருக்கும் தோன்றும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

குளிரில் ஏன் பயணம்?

அமெரிக்காவின் வட மாநிலங்களில் ஜனவரியில் தரையே உறைந்துவிடும். அதனால் போட்டிக் குதிரைகள் பலவற்றை ஃபுளோரிடாவின் ஒகாலா, வெலிங்டன் போன்ற ஊர்களுக்குக் கொண்டுபோகிறார்கள். மினியாபொலிஸிலிருந்து ஒகாலாவுக்குச் சாலை வழியே சுமார் 2,400 கி.மீ.

குதிரை குளிரைத் தாங்குமா?

நன்றாகவே தாங்கும். குளிர்காலத்தில் அதற்கு அடர்ந்த ரோமம் வளர்ந்துவிடும். தின்ற உலர்புல் குடலில் நொதிக்கும்போது உடலுக்குச் சூடு கிடைக்கும். ஓடும் வண்டியில் விழாமல் நிற்கத் தசைகளும் ஓயாமல் வேலை செய்யும். சுமார் 500 கிலோ உடம்பு, கிட்டத்தட்ட ஒரு ஹீட்டர்! உடம்பு நனைவதும், காற்று நேராக மேலே அடிப்பதும்தான் அதற்கு ஆகாது.

ஜன்னலை மூடினால் என்ன?

மூச்சுக்காற்றின் ஈரம் வெளியேறாது. சிறுநீரிலிருந்து அம்மோனியா கிளம்பும். புல்லின் தூசு உள்ளேயே சுற்றும். இதோடு இன்னொரு பிரச்சினை: தலையை உயர்த்திக் கட்டிவைத்த குதிரையால் குனிய முடியாது. குனிந்தால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் கிருமியும் வெளியே வடியும். வடியாவிட்டால் அது நுரையீரல் தொற்றாக மாறலாம். ‘ஷிப்பிங் ஃபீவர்’ என்று அழைக்கப்படும் இது உயிரையே பறிக்கக்கூடியது.

அதனால் கூரையில் உள்ள காற்றுத் திறப்புகள் எப்போதும் திறந்திருக்க வேண்டும். காற்று குதிரையின் முகத்தில் நேராக அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் கட்டைத் தளர்த்தி, தலையைக் குனிய விட வேண்டும்.

போர்வை போர்த்தலாமா?

ரோமம் அடர்ந்த குதிரைக்குக் கனமான போர்வை போர்த்தினால் வியர்த்துவிடும். வியர்வையில் நனைந்த உடம்பு பிறகு சட்டென்று குளிர்ந்து நடுங்கும். போர்வைக்குள் கையை விட்டுப் பார்ப்பதே எளிய சோதனை. ஈரமோ, அதிகச் சூடோ தெரிந்தால் கழற்றிவிட வேண்டும். தெற்கே போகப் போக வெயில் ஏறும் என்பதால், காலையில் போட்ட போர்வை மதியம் தேவைப்படாது.

தண்ணீர் குடிக்குமா?

குளிரில் தாகம் குறையும். காய்ந்த புல்லைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் குடலில் லத்தி இறுகி அடைத்துக்கொள்ளும். கடும் வயிற்றுவலி வரும். 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீர் வைப்பது நல்லது.

வண்டியில் எதைக் கவனிக்கணும்?

வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினாலே டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ காற்றழுத்தம் குறையும். குதிரை ஏறும் சாய்தளத்தில் பனிக்கட்டி இருக்கக் கூடாது. லாடம் அடித்த குளம்பின் அடியில் பனி உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்த பிறகே ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கிவிடும். பனி படிந்த சாலையில் பாரம் ஏற்றிய வண்டி சட்டென்று நிற்காது. முன்னே போகும் வண்டியிடமிருந்து வழக்கத்தைவிடப் பல மடங்கு இடைவெளி தேவை. சாலை முழுக்க உறைந்திருந்தால், பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

போய்ச் சேர்ந்ததோடு வேலை முடியவில்லை. நுரையீரல் தொற்று உடனே வெளியே தெரியாது. அடுத்த இரண்டு, மூன்று நாட்கள் காலையும் மாலையும் குதிரைக்குக் காய்ச்சல் பார்க்க வேண்டும். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, தீனி எடுக்காமல் சோர்ந்து நின்றாலோ, இருமினாலோ உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டியதுதான்.