எங்க ஊருக்குப் பட்டாசு மட்டும்தானா அடையாளம்?

"எந்த ஊரு?"ன்னு யாராவது கேட்டால், "சிவகாசி பக்கம் எம். புதுப்பட்டி" என்போம். உடனே அடுத்த கேள்வி: "பட்டாசு மலிவாக் கிடைக்குமா?" இல்லாவிட்டால், "அடிக்கடி வெடிக்குமே, பயமா இல்லையா?"

பயம் இல்லாமலா? 2023 அக்டோபர் 17-ம் தேதி, பக்கத்தில் ரெங்கபாளையத்தில் நடந்த வெடி விபத்தில் பத்துப் பேருக்கு மேல் பலியானார்கள். பெண்கள்தான் அதிகம். அன்றைக்கு எங்கள் ஊர்ப் பேர் எல்லா டி.வி.யிலும் வந்தது.

அதற்காக, இங்கே பிறந்த பிள்ளைகள் சொந்த மண்ணை விபத்துச் செய்தியாக மட்டும் தெரிந்துகொண்டால் போதுமா சகோதரிகளே? காலையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறினால், இருட்டுவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய இடங்கள் எத்தனையோ இருக்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 11 நிலை, 192 அடி ராஜகோபுரம். ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசியில் திருப்பதிக்கும், சித்திரையில் மதுரை கள்ளழகருக்கும் போகிறது. அவள் கையிலிருக்கும் கிளியை இலைகளால் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். திரும்பும்போது மறக்காமல் பால்கோவா! 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

திருத்தங்கல் குன்றின் மேல் நின்ற நாராயணப் பெருமாள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. சாத்தூர் பக்கம் போனால், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருமிடத்தில் இருக்கன்குடி மாரியம்மன். ஆடி கடைசி வெள்ளியில் அங்கே எள் போட்டால் எள் விழாது.

எல்லாவற்றையும் விட என் மனசைத் தொட்டது வெம்பக்கோட்டை. வைப்பாற்றுக் கரையில், விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் 2022 மார்ச்சில் அரசு தோண்ட ஆரம்பித்தது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள், நூல் நூற்கும் தக்களி எல்லாம் கிடைத்தன. அறுத்துப் போட்ட சங்குத் துண்டுகளும் இருந்ததால், வளையல் இங்கேயே தயாரானது என்கிறார்கள். வானம் பார்த்த கரிசல் பூமியில் கைத்தொழில் செய்து பிழைப்பது நேற்று வந்த வழக்கமில்லை என்று பிள்ளைகளிடம் சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

தீபாவளிக்குப் பட்டாசு வாங்க வரும் தோழிகளே, வாங்கின கையோடு கிளம்பிடாதீங்க. ஒரு நாள் கூடத் தங்கி இதையெல்லாம் பார்த்துட்டுப் போங்க. உள்ளூர்த் தாய்மார்களே, அடுத்த லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல்னு செலவு செய்யறதுக்கு முன்னாடி, பிள்ளைங்களுக்கு முதல்ல நம்ம மண்ணைக் காட்டுங்க!

- ஒரு வாசகி, எம். புதுப்பட்டி