மலையேறும் சுமைக்கு 95 ஒக்டேன் தேவையா?

வாகரையில் மீனும் இறாலும் ஏற்றிக்கொண்டு செங்கலடி, பதுளை, வெலிமடை வழியாக நுவரெலியா போய்வரும் சிறு வியாபாரிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பின்னால் ட்ரெய்லரும் இருக்கிறது, 95 அடித்தால் இழுவை கூடுமா?"

கூடாது. ஒக்டேன் என்பது பெற்றோலின் பலம் அல்ல. சிலிண்டருக்குள் அமுக்கமும் சூடும் ஏறும்போது, தீச்சுவாலை வந்து சேருமுன் தானாக வெடித்துவிடாமல் தாக்குப்பிடிக்கும் தன்மைதான் அது. தாக்குப்பிடிக்காவிட்டால் 'டக் டக்' என்று நொக்கிங் கேட்கும். அதை அலட்சியம் செய்தால் பிஸ்டன் போய்விடும்.

மலையில் இழுவை குறைவது காற்றினால். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றமுக்கம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். டர்போ இல்லாத எஞ்சின் வாகரையில் 50 குதிரைவலு தந்தால் அங்கே 40 அளவே தரும். எந்தப் பெற்றோலும் அந்தப் பத்தைத் திருப்பித் தராது. சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது கியரைக் குறைக்க வேண்டும்.

காற்று மெலிந்தால் நொக்கிங்கும் குறையும். அமெரிக்காவின் கொலராடோவில் 85 ஒக்டேன் விற்பதற்கு அதுவே காரணம் (அவர்கள் எண்ணும் முறை வேறு, நமது கணக்கில் அது இன்னும் கூடும்). ஆகவே நமக்கு அபாயமான இடம் நுவரெலியா அல்ல. பிபிலை தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். அங்கே காற்று அடர்த்தி, வெயில், முழுச் சுமை எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. உயர் கியரிலேயே எஞ்சினைத் திணறவிடாதீர்கள்.

ஜப்பானில் சாதாரண பெற்றோலின் ஒக்டேன் 89க்குக் குறையக்கூடாது. அந்தப் பெற்றோலுக்கென்று செய்த வான்களுக்கு நம்மூர் 92 தாராளம். உயர் ஒக்டேன் கேட்கும் எஞ்சினுக்கு மட்டும் 95 அடியுங்கள். டர்போ உள்ளவர்கள் கையேட்டைப் பார்ப்பது நல்லது. டர்போ, மலையிலும் காற்றைத் திணித்து அமுக்கத்தை ஏற்றிவிடும்.

கராஜில் டியூனிங் செய்யும்போதும் கவனம் தேவை. பழைய காபரேட்டர் வண்டி மேலே போனால் பெற்றோல் மிகுந்து கரும்புகை விடும். அதற்காக ஜெட்டைச் சிறிதாக்கி, டைமிங்கை முன்தள்ளிவிட்டு, அப்படியே வாகரைக்கு இறங்கினால் எஞ்சின் சூடேறி நொக்கிங் பிடிக்கும். கீழே ஓடுவதற்கே டியூன் செய்துகொண்டு, மேலே வரும் சிறு புகையைப் பொறுத்துக்கொள்ளலாம். கணினி பொருத்திய எஞ்சின் தானாகவே சரிசெய்துகொள்ளும். அதற்கு சுத்தமான எயார் ஃபில்டர் போதும்.

டீசல் லொறிக்காரருக்கு ஒக்டேன் கணக்கே இல்லை, அங்கே பார்ப்பது சீட்டேன். "பம்பைக் கூட்டித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். காற்று போதாத இடத்தில் கூடுதல் டீசல் புகையாகவும் சூடாகவுமே போகும்.

ரேடியேட்டர் மூடியையும் ஒருமுறை பாருங்கள். நுவரெலியாவில் திறந்த தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். மூடி அமுக்கத்தைப் பிடிக்காவிட்டால், ஐஸ் கரையுமுன் சந்தைக்குப் போகவேண்டிய மீன் வழியிலேயே நின்றுவிடும்.