சூரணம் இருக்கட்டும்... சந்தைக்குப் போனீங்களா?

"டாக்டர், மூட்டு வலிக்கு முடக்கத்தான் பொடி கொடுங்க..."

"வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி சூரணம் இருக்கா?"

சித்த மருத்துவரிடம் வருகிறவர்களில் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். இதெல்லாம் முதலில் கீரை, அப்புறம்தான் மருந்து! கட்டுக்கட்டாகப் பச்சையாகவே கிடைப்பதை பாட்டிலில் ஏன் தேட வேண்டும்? உங்கள் ஊர் உழவர் சந்தைக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

1999-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி, மதுரை அண்ணா நகரில்தான் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பஞ்சாபில் 'அப்னி மண்டி', ஆந்திராவில் 'ரைத்து பஜார்' என்று ஏற்கெனவே இருந்த ஏற்பாடுதான். அடையாள அட்டை பெற்ற விவசாயி, தன் நிலத்தில் விளைந்ததைத் தானே கொண்டு வந்து விற்கிறார். நடுவில் தரகர் கிடையாது. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். மொத்த விலையைவிட விவசாயிக்குக் கொஞ்சம் கூடுதல். வெளிக் கடை விலையைவிட நமக்குக் குறைவு.

விலை மட்டுமா லாபம்? இல்லை. பறித்த கீரை வெயிலில் வாட வாட, அதிலுள்ள வைட்டமின் 'சி' குறைந்துகொண்டே போகும். முதல்நாள் மாலையோ அன்று விடியலிலோ பறித்த கீரை, காலையிலேயே உங்கள் பைக்கு வந்துவிட்டால் அதுவே பெரிய லாபம்.

அடுத்தது, வகை. பெரிய கடைகளில் அதிகம் பார்க்க முடியாத தூதுவளை, பிரண்டை, முடக்கத்தான், வாழைப்பூ எல்லாம் இங்கே கண்ணில் படும். சளிக்குத் தூதுவளை ரசம், வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கூட்டு, மூட்டு வலிக்கு முடக்கத்தான் தோசை என்பது நம் வீட்டு வழக்கம். ரத்த சோகை உள்ள பெண்கள் முருங்கைக்கீரையை வாரம் இரண்டு நாளாவது சேர்த்துக்கொள்ளலாம். பிரண்டையை நறுக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். நாரை உரித்து, நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரைத்தால் அரிப்பு இருக்காது.

மூன்றாவது, பேச்சு! "எப்பப் பறிச்சதும்மா? மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சு?" என்று விளைவித்தவரிடமே கேட்கலாம். எந்தப் பொட்டலமும் இதற்குப் பதில் சொல்லாது.

சில எச்சரிக்கைகள்: உழவர் சந்தைக் காய் எல்லாமே இயற்கை விவசாயத்தில் விளைந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஓடும் தண்ணீரில் இரண்டு, மூன்று முறை அலசுங்கள். ராத்திரியில் கீரை வேண்டாம் என்பது சித்த மருத்துவம் சொல்லும் வழக்கம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பசலைக்கீரை சாப்பிடுமுன் மருத்துவரைக் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. சோகையோ வலியோ நீடித்தால் கீரையை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. விவசாயி, விற்பதைத்தான் விதைப்பார். நாம் தக்காளியும் உருளைக்கிழங்கும் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினால், தூதுவளையை அவர் எதற்காகப் பறித்துக் கட்டி, சுமந்து வரப்போகிறார்? கொண்டு வந்த கட்டுகள் வாடிப்போய் வீடு திரும்பினால், அடுத்த மாதம் அந்தக் கீரை சந்தையில் இருக்காது. நம் பேரப்பிள்ளைகளுக்கு அது சூரண டப்பாவில் உள்ள பெயராக மட்டுமே தெரியும்.

ஆகவே, இந்த வாரம் பையில் இதுவரை சமைக்காத ஒரு கீரைக்கும் இடம் வையுங்கள். எப்படிச் சமைப்பது என்று தெரியவில்லையா? விற்கிற அம்மாவிடமே கேளுங்கள், சொல்லித் தருவார்!