விதை முடிச்சு வைத்திருந்த அம்மம்மா

ஊரை விட்டு வெளிக்கிடும் நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல முடியாது. சிலர் நகையை எடுப்பார்கள், சிலர் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுப்பார்கள். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது, எமது அம்மம்மா எடுத்தது ஒரு கடகம் நிறைய விதை முடிச்சுகள்.

வசாவிளான் செம்மண்ணில் எட்டுப் பரப்புத் தோட்டம் அவருடையது. அது தாய்வழியாக வந்த சீதனக் காணி. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமை, பெண்ணின் சீதனத்தை அவளுடைய சொத்தாகவே ஏற்றது. ஆகவே உறுதியில் இருந்தது அம்மம்மாவின் பெயர். தோட்டத்தில் என்ன நடுவது என்பதிலும் அவருடைய சொல்லே கடைசிச் சொல்.

விதை விடயத்தில் அவர் கண்டிப்பானவர். முதற் காய்ப்பில் நல்ல கொடியைப் பார்த்து நூல் கட்டி விடுவார். அந்தக் கொடியின் காயைக் கறிக்கு எவரும் ஆயக்கூடாது. பயிற்றை நெற்றை நிழலில் காயவைத்து, ஒரு விதையைக் கடித்துப் பார்ப்பார். ‘டக்’ என்று உடைந்தால் மட்டுமே சாம்பலில் பிரட்டி முட்டியில் இட்டு வாயை மூடிக் கட்டுவார். சாம்பல் இருந்தால் வண்டு அணுகாது. விதை வெங்காயம் பிடி பிடியாக அடுப்படிக் கூரையில் புகை படத் தொங்கும். நடுமுன் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைப்பார். எட்டாவது முளைத்தால்தான் அது விதை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தது. 1996இல் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போனோம். போன இடமெல்லாம் கொட்டிலுக்குக் கிடுகு போடுமுன்னரே பயிற்றைக்கும் பூசணிக்கும் குழி வெட்டியவர் அம்மம்மா. அயலவர் விதை கேட்டால் மறுக்கமாட்டார். “விளைஞ்சால் இரண்டு மடங்காய்க் குடுக்கவேணும் பிள்ளை. எனக்கில்லை, பிறகு வாற குடும்பத்துக்கு” என்பார். இப்படியே ஒரு பிடி விதை அந்த வரிசைக் கொட்டில்கள் எல்லாவற்றையும் சுற்றி வந்தது. நிவாரண அரிசியில்கூட உலை வைக்குமுன் ஒரு பிடியை எடுத்துப் புறம்பாக வைப்பார். பங்கீடு பிந்திய நாட்களில் அந்தப் பிடியரிசிதான் எமக்குக் கஞ்சியானது.

பொழுது பட்டதும் பேரப்பிள்ளைகளை இருத்திக் காணிப் பெயர்களைச் சொல்ல வைப்பார். கிழக்கே யாருடைய காணி, மேற்கே எந்த ஒழுங்கை, கிணற்றில் எமக்கு எத்தனை பங்கு, கிணற்றடியிலிருந்து வடக்கு வேலிக்கு எத்தனை கவடு என்று கேட்பார். எமக்கு அது விளையாட்டு. 1998இல் மல்லாவியில் அவர் கண்ணை மூடும்வரை அந்தப் பாடம் நிற்கவில்லை.

2009இல் போர் முடிந்த பின்னர் வலிகாமம் வடக்கில் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. எமது காணிக்குப் போனபோது வேலியுமில்லை, வீடுமில்லை, பற்றைதான் இருந்தது. முதலில் கிணற்றுக் கட்டைத் தேடிப் பிடித்தோம். அங்கிருந்து அம்மம்மா சொல்லித் தந்தபடி கவடு வைத்து எல்லை குறித்தோம். பின்னர் காணிப் பதிவகத்தில் எடுத்த உறுதிப் பிரதியிலும் அதே நான்கு எல்லைகளே இருந்தன.

இன்னும் ஊர் திரும்பாத குடும்பங்கள் பல. வேறிடத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தங்கள் காணியின் பெயரே தெரியாது. கடையில் வாங்கும் கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை அடுத்த போகம் அதே விளைச்சலைத் தராது; ஒவ்வொரு போகமும் காசு கொடுக்கவேண்டும். வீட்டிலிருக்கும் மூத்தவர்களோ ஒவ்வொருவராக எம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் ஓர் அம்மம்மாவோ அப்பாச்சியோ இருந்தால், இந்தக் கிழமையே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். காணியின் பெயர், நான்கு எல்லை, கிணற்றுப் பங்கு, உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயர், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். எந்த விதையை எப்படி வைத்தார் என்பதையும் கேளுங்கள். எழுதுகிறவர் பேரப்பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. இறந்தபின் படத்துக்கு மாலை போடலாம். காணியின் எல்லையைக் கேட்க முடியாது.