பவர் ஸ்டியரிங் ஆயில் குறைவது ஏன்?

கோடை விடுமுறைக்குக் காரிலேயே ஊருக்குப் புறப்படும் அன்பர்கள் எஞ்சின் ஆயிலைப் பார்க்கிறார்கள், டயரில் காற்றைப் பார்க்கிறார்கள். பவர் ஸ்டியரிங் ஆயிலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இப்போது வரும் சிறு கார்கள் பெரும்பாலானவற்றில் மின்சார ஸ்டியரிங். அதற்கு ஆயில் கிடையாது. பொலேரோ, பழைய இன்னோவா போன்ற வண்டிகளில்தான் இந்த வேலை உண்டு.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறக்கவும். பெரும்பாலும் மூடியில் ஸ்டியரிங் படம் போட்ட சிறு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதில் ஆயில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். சில வண்டிகளில் மூடியோடு அளவுக்குச்சி சேர்ந்திருக்கும்.

குறைந்திருந்தால், மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன ஆயிலையே சிறிது சிறிதாக ஊற்றவும். பிரேக் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள்; ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் நான்கைந்து முறை மெதுவாகத் திருப்பவும். முழுதும் திருப்பிய நிலையில் பிடித்து வைக்க வேண்டாம். எஞ்சினை அணைத்து மறுபடி அளவு பாருங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த ஆயில் எரிந்து தீர்வதல்ல. அளவு இறங்கிக்கொண்டே வந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். திருப்பும்போது முனகல் கேட்டாலோ, டப்பாவில் நுரை தெரிந்தாலோ காற்று புகுந்திருக்கலாம். ஆயில் வற்றினால் பம்ப் பழுதாகும். மலைப்பாதை வளைவில் ஸ்டியரிங் திடீரென்று கனத்துவிடும். ஆகவே ஊற்றி ஊற்றி ஓட்டாமல், புறப்படுமுன் மெக்கானிக்கிடம் காட்டிக் கசிவை அடைத்துவிடுங்கள்.